செய்தியைக் காட்சிக்கு வைத்தல்: இதழியல் கலைச்சொற்களும் செங்கல்பட்டு வட்டாரச் செய்தி வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

செய்தி அருங்காட்சியகம் பார்வையாளருக்கு வரலாற்றைக் காலவரிசையாகவும் தொழிலைக் கலைச்சொல் விளக்கமாகவும் எடுத்துரைக்கிறது. இவ்விரண்டும் பெரும்பாலும் பத்திரிகை அலுவலகத்தின் உள்ளிருந்து நோக்கி அமைக்கப்பட்டவை. தமிழ் இதழியற் சொற்களின் பொருள் வரலாற்றையும், செங்கல்பட்டு வட்டாரத்தோடு தொடர்புடைய நிகழ்வுகள் சிலவற்றையும் அருகருகே வைத்து நோக்கும்போது, அந்நோக்கில் விடுபடுபவை எவை என்பது தெரியவருகிறது. ‘பறையன்’ இதழ் (1893), பஞ்சமி நில ஆணை (1892), செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு (1929), காரணை நிலப் போராட்டம் (1994), ஆழிப்பேரலை (2004) ஆகியன இங்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செய்தி, நிருபர், பத்திராதிபர், இரட்டைமலை சீனிவாசன், பஞ்சமி நிலம், அருங்காட்சியகம்.

செய்தி அருங்காட்சியகம் என்னும் வகைமை

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில், முட்டுக்காட்டில், 1996 முதல் இயங்கிவரும் தட்சிணசித்ரா தென்னிந்திய வீடுகளின் அருங்காட்சியகம். இடிக்கப்படவிருந்த பழைய வீடுகள் பிரித்தெடுத்துக் கொணரப்பட்டு அங்கு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. திண்ணையில் பார்வையாளர் அமரலாம்; முற்றத்தில் நிற்கலாம். வீடு இடம்பெயர்ந்தாலும் வீடாகவே இருக்கிறது. செய்தித்தாளுக்கு இது பொருந்துவதில்லை. அதன் பயன் மறுநாளே தீர்ந்துவிடுகிறது. கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்படும் நாளேடு, படிக்கப்படும் பொருளாக இல்லாமல் பார்க்கப்படும் பொருளாக மாறுகிறது. செய்தி அருங்காட்சியகம் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல் இதுவே.

இச்சிக்கலை உலகக் கூடங்கள் வெவ்வேறு வகையில் கையாண்டன. ஜெர்மனியின் ஆகன் நகரில் ஆஸ்கர் ஃபான் ஃபோர்க்கன்பெக் 1886இல் தொடங்கிய செய்தித்தாள் அருங்காட்சியகம் முதல் இதழ், இறுதி இதழ், சிறப்பிதழ் ஆகியவற்றைத் திரட்டுவதில் முனைந்தது. அமெரிக்காவில் ‘ஃபிரீடம் ஃபோரம்’ அமைப்பு நடத்திய நியூசியம் 1997இல் வர்ஜீனியாவில் தொடங்கி, 2008இல் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவுக்கு இடம்பெயர்ந்தது. அதன் முகப்பில் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் 74 அடி உயரக் கற்பலகையில் பொறிக்கப்பட்டிருந்தது. அன்றைய நாளேடுகளின் முதற்பக்கங்கள் வாயிலில் நாள்தோறும் மாற்றிவைக்கப்பட்டன. உள்ளே ஐந்நூறு ஆண்டுச் செய்தி வரலாறு அடுக்கப்பட்டிருந்தது. நிதி நெருக்கடியால் 2019 டிசம்பர் 31 அன்று அது மூடப்பட்டது. கட்டடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு விற்கப்பட்டது.

நியூசியத்தின் சிறப்பு, செய்தியைக் குடிமக்களின் உரிமையோடு பிணைத்துக் காட்டியது. அதன் குறை, செய்தியின் தலைவனாகச் செய்தியாளரையே நிறுத்தியது. பெர்லின் சுவரின் துண்டுகளும், நியூயார்க் இரட்டைக் கோபுரத்தின் சிதைந்த அலைக்கம்பமும் அங்கு இருந்தன. அவை செய்தியாளர் கண்ட நிகழ்வுகளின் எச்சங்கள். செய்தியாக ஆக்கப்பட்டவர் யார், ஆக்கப்படாதவர் யார் என்னும் வினா அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஓரமாகவே நின்றது. தமிழ்ச் செய்தி வரலாற்றைக் காட்சிப்படுத்த முனையும் எந்தக் கூடமும் அவ்வினாவை ஓரத்தில் வைக்க இயலாது. தமிழ்ச் சொற்களே அதற்கு இடந்தரமாட்டா.

சொற்களுக்குள் இருக்கும் வரலாறு

‘செய்தி’ என்னும் சொல் ‘செய்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. அதன் முதற்பொருள் செயல். புறநானூற்றின் 34ஆம் பாடலில் அது பிறர் செய்த நன்மையைக் குறிக்கிறது. செய்யப்பட்டதைக் குறித்த சொல், செய்யப்பட்டது பற்றிய கூற்றைக் குறிக்கும் சொல்லாகப் பின்னர் விரிந்தது. வடமொழியிலிருந்து வந்து வழங்கிய ‘சமாசாரம்’ என்பதும் ஒழுக்கம், நடத்தை என்னும் பொருளிலிருந்தே செய்தி என்னும் பொருளுக்கு வந்துசேர்ந்தது. மூன்றாவதாகிய ‘வர்த்தமானம்’ நிகழ்காலத்தைச் சுட்டுவது. 1855இல் பெர்சிவல் பாதிரியார் தொடங்கிய ‘தினவர்த்தமானி’யின் பெயரில் அது வாழ்கிறது. ஆங்கிலச் சொல் புதுமையை முன்னிறுத்த, தமிழ்ச் சொல் செயலை முன்னிறுத்துகிறது. செயல் என்றால் செய்தவர் ஒருவர் உண்டு. இந்த எளிய இலக்கண உண்மை பின்னர் வேண்டப்படும்.

‘பத்திரிகை’ இலையையும் ஓலையையும் நினைவூட்டும் சொல். திருமண அழைப்பிதழ் இன்றும் ‘கல்யாணப் பத்திரிகை’ எனப்படுவதில் அச்சொல்லின் பழைய பொருள் பிழைத்திருக்கிறது; உறவினருக்கு வைக்கப்படுவது பத்திரிகை, ஊருக்கெல்லாம் விற்கப்படுவதும் பத்திரிகை. ‘இதழ்’, ‘ஏடு’, ‘தாள்’ என்னும் மாற்றுச் சொற்களும் செடிகொடியிலிருந்து பிறந்தவையே. ‘சந்தா’ பாரசீக வழி வந்தது. ‘விளம்பரம்’ முன்னாளில் அரசு வெளியிடும் அறிவிப்பைக் குறித்தது. வணிகப் பொருள் அதன் மேல் பின்னர் ஏறியது.

இவற்றுள் ஆராயத்தக்கது ‘நிருபர்’. ‘நிருபம்’ என்பது கடிதம், ஆணையோலை என்னும் பொருள்களை உடையது. தமிழ் விவிலியத்தில் பவுல் முதலியோரின் கடிதங்கள் நிருபங்கள் எனப்படுகின்றன. கடிதம் எழுதி அனுப்புபவரே நிருபர். ஆங்கில வழக்கிலும் இத்தொழிலாளர் கடிதப் போக்குவரத்துக்காரர் என்னும் பொருளிலேயே பெயர் பெற்றார். ஆக, ஊரிலிருந்து கடிதம் எழுதத் தெரிந்தவர், அஞ்சல் நிலையத்தை அணுகக்கூடியவர், அலுவலகத்தின் நம்பிக்கைக்குரியவர் ஆகிய மூன்று தகுதிகளும் அச்சொல்லின் அடியில் உறைகின்றன. தமிழ் நாளேடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘நமது நிருபர்’ என்னும் தொடர் இன்னும் ஒருபடி செல்கிறது. ‘நமது’ என்னும் அவ்வுளப்பாட்டுச் சொல் யாரையெல்லாம் உட்கொள்கிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு மாவட்டச் சேரி ஒன்றிலிருந்து அத்தகைய நிருபம் எழுதி அனுப்பியிருக்கக்கூடியவர் எத்தனை பேர்? இன்று பரவலாக வழங்கும் ‘செய்தியாளர்’ தூய தமிழ். ஆனால் அது இவ்வினாவை எழுப்பும் ஆற்றலை இழந்த சொல். கலைச்சொல் சீர்திருத்தம் சில வேளைகளில் வரலாற்றையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது.

அவ்வாறே ‘பத்திராதிபர்’. அதிபர் என்றால் தலைவர், உடைமையாளர். உரிமையும் எழுத்துப் பொறுப்பும் ஒருவரிடமே குவிந்திருந்த காலத்தின் சொல் அது. பின்னர் நிலைபெற்ற ‘ஆசிரியர்’ கற்பிப்பவரின் பெயரைப் பத்திரிகைக்கு இடம்பெயர்த்தது. இவ்விடப்பெயர்ச்சியைத் தம் வாழ்க்கையிலேயே நிகழ்த்திக்காட்டியவர் திரு.வி.க. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துத் துள்ளம் சிற்றூரில் 1883இல் பிறந்த அவர், சென்னை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து, 1917இல் அப்பணியைத் துறந்து ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். 1920இல் ‘நவசக்தி’யைத் தொடங்கினார். வாசகரை மாணாக்கராகக் கருதும் நோக்கு இச்சொல்லின் பெருமிதம். அதுவே அதன் எல்லையும்கூட. மாணாக்கர் மறுமொழி கூறலாம், ஆனால் பாடத்தைத் தெரிந்தெடுக்க இயலாது.

‘முதல்’ என்னும் அளவுகோல்

தமிழ் இதழியல் வரலாற்றுச் சுருக்கங்கள் பெரும்பாலும் முதன்மைகளின் பட்டியலாக அமைகின்றன. 1831இல் சென்னையில் வெளிவந்த ‘தமிழ் மேகசின்’, 1841இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய ‘உதயதாரகை’, 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கி 1899இல் நாளேடாக்கிய ‘சுதேசமித்திரன்’, 1934இல் ‘தினமணி’, 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனாரின் ‘தினத்தந்தி’ என்று அது நீளும். முதற்படி இதழைத் தேடும் ஆகன் கூடத்தின் வேட்கையும் இப்பட்டியலின் வேட்கையும் ஒன்றே. முதன்மை எளிதில் காட்சிப்படுத்தத்தக்கது. ஒரு தேதி, ஒரு முகப்புப் பக்கம், ஒரு நிழற்படம் போதும். ஆனால் எந்த இதழ் யாருக்கு முதல் என்பது அதில் மறைந்துபோகிறது.

இரட்டைமலை சீனிவாசன் மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். பின்னாளில் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டில் பங்கேற்றவர். 1893 அக்டோபரில் சென்னையில் அவர் ‘பறையன்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். 1939இல் வெளிவந்த ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் தன்வரலாற்றில் அவர் தரும் விவரங்கள் சுருக்கமானவை, ஆயினும் செறிவானவை. நான்கு பக்கம், இரண்டே நாளில் நானூறு படிகள் விற்பனை, மூன்று மாதத்தில் வார இதழாக மாற்றம், பின்னர்ச் சொந்த அச்சுக்கூடம். 1900இல் அவர் நாட்டை விட்டுப் புறப்படும்வரை இதழ் நடந்தது. இதற்கு முன்பும் ‘சூரியோதயம்’ (1869) முதலாக ஒடுக்கப்பட்டோர் நடத்திய இதழ்கள் இருந்தன என்பதை ஜெ. பாலசுப்பிரமணியம் தம் நூலில் நிறுவியுள்ளார். ஆகவே ‘பறையன்’ முதல் இதழ் என்னும் தகுதிக்கும் உரியதில்லை. முதன்மைப் பட்டியலில் இடம்பெற அதற்கு வழியில்லை. எனினும் இதழ்ப் பெயரைப் பொறுத்தவரை அதைப்போல் துணிந்த இதழ் மிகச் சில.

இதழ்களுக்கு மித்திரன், போதினி, தூதன், வர்த்தமானி எனப் பெயரிட்ட காலம் அது. நண்பன், அறிவூட்டுபவள், தூதுவன் ஆகிய பணிப்பெயர்கள் அவை. சீனிவாசனோ இழிவாக வழங்கப்பட்ட சாதிப்பெயரையே தலைப்பில் அச்சிட்டார். அப்பெயரை மறைத்து உரிமை கேட்பதினும் அப்பெயரோடு முன்வந்து கேட்பதே முறை என்பது அவர் நிலைப்பாடு. அயோத்திதாசர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து வெளியிட்ட இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். விலையையும் இன அடையாளத்தையும் ஒருங்கே தலைப்பாக்கிய பெயர் அது. இரு பெயர்களுக்குமிடையே நிகழ்வது ஓர் அரசியல் விவாதம். செய்தி அருங்காட்சியகத்தின் கலைச்சொல் பலகையில் ‘இதழ்த் தலைப்பு’ என்னும் பதிவு இருக்குமாயின், எழுத்துருவின் அளவைவிட இவ்விவாதமே அங்கு விளக்கப்பட வேண்டியது.

இதழ் தொடங்கிய அதே ஆண்டின் டிசம்பரில் மற்றொரு நிகழ்வு. இந்தியக் குடிமைப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்துச் சீனிவாசன் கூட்டம் கூட்டினார். சாதி இந்துக்களே அப்பதவிகளில் நிறைவர் என்பது அவர் அச்சம். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. அக்கோரிக்கையின் தகுதி குறித்து இன்று கருத்து வேறுபடலாம். இதழியல் வரலாற்றுக்கு இங்கு முக்கியமானது வேறு: நான்கு பக்க இதழும் 112 அடி மனுவும் ஒரே வினையின் இரு வடிவங்கள். ‘நமது நிருபர்’ எட்டாத இடங்களிலிருந்து செய்தி மனுவாகவே புறப்பட்டது. மனு, விண்ணப்பம், மகஜர் ஆகியவை இதழியல் அகராதிகளில் இடம்பெறாத சொற்கள். தமிழ்ச் செய்தி வரலாற்றில் அவற்றுக்கு இடமளிக்காத கலைச்சொல் தொகுப்பு பாதி வரலாற்றையே சொல்லும்.

‘பறையன்’ குறித்த பிற்கால எழுத்துகளில் பெரும்பகுதி அத்தன்வரலாற்றையே சார்ந்து நிற்கிறது. அழிந்த தமிழ் இதழ்கள் பலவற்றின் உள்ளடக்கத்தை அறிய ஆய்வாளர் நாடுவது, சென்னை மாகாண அரசு தன் கண்காணிப்புத் தேவைக்காகத் தயாரித்த ஆங்கிலச் சுருக்க அறிக்கைகளை. தமிழில் எழுதப்பட்டது ஆங்கிலத்தில், வாசகருக்காக எழுதப்பட்டது அதிகாரிக்காக, முழுமையாக எழுதப்பட்டது துணுக்காக எஞ்சியிருக்கிறது. கண்ணாடிப் பேழையில் வைக்கத்தக்க படி இல்லாத இதழை எவ்வாறு காட்சிப்படுத்துவது? பொருள் இருந்தால்தான் வரலாறு என்னும் அருங்காட்சியக நெறியை இவ்வினா சோதிக்கிறது.

பஞ்சமி: ஒரு சொல், இரு செய்திகள்

சீனிவாசன் இதழ் தொடங்குவதற்குச் சற்று முன்பு, செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பு வகித்த டிரெமென்ஹீர் அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார் (1891). நிலமின்மையே அவர்களது அடிமைநிலையின் வேர் என்பதை அது விரிவாக எடுத்துரைத்தது. அதனையொட்டி 1892 செப்டம்பர் 30 அன்று வெளியான வருவாய்த்துறை ஆணை ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வழங்க வழிசெய்தது. பத்தாண்டு விற்கலாகாது, அதன்பின் விற்பினும் அவ்வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்பது அந்நிலங்களுக்குரிய நிபந்தனை. ‘பஞ்சமர்’ என்னும் சொல்லிலிருந்து அவை ‘பஞ்சமி நிலம்’ எனப்பட்டன. திதியின் பெயராகவே அச்சொல்லை அறிந்த நகர்ப்புற வாசகருக்கு அது இன்றும் மயக்கம் தருவது.

நூற்றிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அச்சொல் மீண்டும் செய்தியானது. மாமல்லபுரத்தை அடுத்த வட்டாரத்தில் உள்ள காரணையில், கைமாறிப்போன பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டம் நடந்தது. மீட்ட நிலத்தில் நிறுவப்பட்ட அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதனைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டது, இருவர் உயிரிழந்தனர்.

இத்தகைய நிகழ்வைச் சொல்லத் தமிழ் நாளேடுகள் பழக்கிவைத்திருக்கும் தலைப்பு வாய்பாடு ஒன்று உண்டு: துப்பாக்கிச் சூட்டில் இத்தனை பேர் பலி. ‘சூடு’ தொழிற்பெயர், சுட்டவர் அதில் இல்லை. துப்பாக்கியே எழுவாய்போல் முன்வந்து நிற்கிறது. ‘பலி’ வேள்விக்களத்துச் சொல். படைக்கப்பட்டதைக் குறிக்கும், படைத்தவரைக் குறிக்காது. ஈரெழுத்துச் சொல்லாதலால் தலைப்பின் அகலத்துக்கு அது பொருந்துகிறது. பேருந்து விபத்துக்கும் வெள்ளத்துக்கும் காவல்துறைச் செயலுக்கும் ஒரே சொல்லாக வழங்கவும் வசதியாக இருக்கிறது. செய்தி என்னும் சொல்லின் வேரில் செய்தவர் இருக்க, செய்தித் தலைப்பின் தொடரமைப்பில் அவர் காணாமற்போகிறார். இதழியல் பாடநூல்கள் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எவ்வாறு என்னும் வினாக்களையும் முதன்மையானதை முதலில் வைக்கும் தலைகீழ்ப் பிரமிடு அமைப்பையும் கற்பிக்கின்றன. அவ்வினாக்களுள் ‘யார்’ என்பதற்கு இறந்தவரின் எண்ணிக்கை விடையாகிறது. ‘ஏன்’ என்பதற்கு உரிய விடையாகிய 1892ஆம் ஆண்டு ஆணை, பிரமிடின் கூர்முனையில், இடமின்மையால் முதலில் வெட்டப்படும் பத்தியில் போய்ச் சேர்கிறது. நூறாண்டுக் காரணம் கொண்ட நிகழ்வை ஒருநாள் நிகழ்வாக்கும் ஆற்றல் இவ்வமைப்புக்கு உண்டு. பிரமிடின் படத்தைச் சுவரில் வரையும் கூடம் இதையும் வரைந்தாக வேண்டும்.

பெயர் அச்சேறும் முறை

செங்கல்பட்டில் 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடியது. அரசியல் வரலாற்றில் அதன் இடம் நன்கறியப்பட்டது. இதழியல் வரலாற்றில் அதன் விளைவு போதிய கவனம் பெறவில்லை. சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் என்னும் அதன் தீர்மானம் அச்சுக்கூடத்தின் அன்றாட வேலையையும் தொட்டது. பெயருக்குப் பின் என்ன அச்சிடுவது என்பது நிருபரும் துணையாசிரியரும் அச்சுக்கோப்பவரும் நாள்தோறும் எடுத்தாக வேண்டிய முடிவு. 1925இல் தொடங்கிய ‘குடி அரசு’ 1927இன் இறுதியிலேயே தன் ஆசிரியர் பெயரின் பின்னிருந்த ‘நாயக்கர்’ பட்டத்தை நீக்கியிருந்தது. மாநாடு அதனைப் பொதுநெறியாக முன்மொழிந்தது. இன்று தமிழ் நாளேடுகளில் முதலெழுத்தும் பெயரும் மட்டுமே அச்சாவது இயல்பாகத் தோன்றுகிறது. பிற இந்திய மொழி நாளேடுகள் பலவற்றோடு ஒப்பிட்டால் அதன் தனித்தன்மை விளங்கும்.

முப்பத்தாறு ஆண்டு இடைவெளியில் இருவேறு நெறிகள்: சாதிப்பெயரைத் தலைப்பில் ஏந்திய ‘பறையன்’, சாதிப்பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டிய மாநாடு. இவற்றை ஒரே முன்னேற்றக் கோட்டில் அடுத்தடுத்த புள்ளிகளாக அடுக்குவது காலவரிசைச் சுவருக்கு எளிது, வரலாற்றுக்குப் பொருந்தாது. இழிவுபடுத்தும் பெயரை ஏற்று நிமிர்வதும், உயர்வு கற்பிக்கும் பட்டத்தை உதறுவதும் வெவ்வேறு இடங்களில் நிற்போரின் வெவ்வேறு செயல்கள்.

கடற்கரையின் சொற்கள்

2004 டிசம்பர் 26 அன்று இக்கடற்கரையையும் கல்பாக்கம் நகரியத்தையும் தாக்கிய பேரலைக்கு அன்றாடத் தமிழில் உடனடிப் பெயர் இல்லை. உரையாசிரியர் மரபில் ‘கடல்கோள்’ இருந்தது. அது நிலத்தைக் கடல் விழுங்குவதைக் குறிப்பது, திரும்பிச் செல்லும் அலையை அன்று. ஏடுகள் ‘ஆழிப்பேரலை’ என எழுதின. ஜப்பானியச் சொல்லான ‘சுனாமி’ தொலைக்காட்சி வழியே கரையெங்கும் பரவியது. மீனவர் பேச்சில் நிலைத்தது சுனாமியே. தமிழகக் கடற்கரை நெடுகிலும் ‘சுனாமி குடியிருப்பு’ என்பது இன்று முகவரி. செம்மையான ஆக்கச்சொல் மேடையிலும் ஏட்டிலும் நிற்க, அயற்சொல் குடும்ப அட்டையில் ஏறியது. கலைச்சொல்லாக்கத்தில் செய்தி ஊடகத்தின் வலிமைக்கும் எல்லைக்கும் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

அதே கடல் பின்வாங்கியதும் மாமல்லபுரத்தை ஒட்டிய சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுப் பாறை வெளிப்பட, தொல்லியல் துறையின் அகழாய்வு முருகன் கோயில் ஒன்றை வெளிக்கொணர்ந்தது. உடனே ஏழு கோயில் கதை செய்தித் தலைப்புகளுக்குத் திரும்பியது. வில்லியம் சேம்பர்ஸ் 1788இல் அச்சேற்றிய அக்கதை, கடலில் எதைக் கண்டாலும் அதற்கு மேற்கோளாக அழைக்கப்படுகிறது. ஊர்ப்பெயரும் இவ்வாறே. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்குச் சந்தித்தபோதும், 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோதும், மாமல்லபுரம், மகாபலிபுரம் என்னும் இரு பெயர்களும் செய்திகளில் அருகருகே வழங்கின. பல்லவ மன்னனின் பட்டப்பெயர் ஒன்றில். புராண அரசனின் பெயர் மற்றொன்றில். செய்தியின் முதல் வரியில் நாளோடு சேர்த்து அச்சிடப்படும் ஊர்ப்பெயர்கூட ஒரு தெரிவுதான்.

இக்கடற்கரைக்கு உட்புறம், சிறிது தொலைவில், காரணை இருக்கிறது. உச்சிமாநாட்டுச் செய்தியின் முதற்பக்கங்கள் எண்ணிமக் காப்பகங்களில் எளிதில் கிடைக்கும். 1994இன் செய்தியைத் தேடுவோர்க்கு மாவட்டப் பதிப்புகளின் உட்பக்கங்கள் தேவை. நூலகங்கள் பெரும்பாலும் தலைநகர்ப் பதிப்பையே கட்டமைத்து வைக்கின்றன; உள்ளூர் பக்கம் பழைய தாள் கடைக்குச் செல்கிறது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற சேகரங்கள் தனியொருவரின் திரட்டும் ஆர்வத்தில் கருக்கொண்டவை; கோட்டையூரில் ஒருவர் சேர்த்துவைத்ததால்தான் பல சிற்றேடுகள் இன்று படிக்கக் கிடைக்கின்றன. காரணைப் போராட்டத்தில் வழங்கப்பட்ட துண்டறிக்கைகள், ஒட்டப்பட்ட சுவரொட்டிகள், அதிகாரிகளிடம் அளிக்கப்பட்ட மனுக்களின் படிகள் ஆகியவற்றுக்கு அத்தகைய சேகரம் வேண்டும். 1893இல் நான்கு பக்க இதழுக்கு நேர்ந்தது 1994இன் தாள்களுக்கும் நேரலாம்; ஆயினும் பின்னவற்றை எழுதியவர்களும் கையில் வைத்திருப்பவர்களும் இன்னும் அவ்வூர்களில் வாழ்கிறார்கள்.